காத்தாடி மாசத்தில் பறவை எண்ணினோம்

மார்கழி, தை மாசங்களில் ஆம்பூருக்கு வந்திருக்கிறீர்களா? காலை ஆறரை மணிக்கு பைபாஸ் ஓரம் நின்றால் ஷூ கம்பெனி பஸ்களுக்காக அக்காக்கள் வரிசையாக நிற்பார்கள். ஒரு கையில் டிபன் டப்பா, தலையைச் சுற்றி ஸ்கார்ஃப், புடவைக்கு மேலே ஸ்வெட்டர். ஏலகிரி பக்கம் இருந்து வருகிற காற்று காதுக்குள் புகுந்து ஊதும். எங்க ஊர் குளிர்காலம் அவ்வளவுதான். எட்டரை மணிக்கு வெயில் வந்துவிட்டால் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு என் சித்தி பையன் ஒரு நாள் கேட்டான்:

"அண்ணா, நம்ம ஊர்ல பனி எப்போ கொட்டும்?"

நாலாம் கிளாஸ் படிக்கிறான். இங்கே அவனை குட்டி என்றே வைத்துக்கொள்வோம். (பெயரைப் போட்டால் கொன்றுவிடுவான்.) அவனிடம் இருந்த ஒரு கதைப் புத்தகத்தில், குளிர்காலத்தில் பறவைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு பாடம். படத்தில் கம்பளி கோட் போட்ட ஒரு பையன் பனிக்கு நடுவில் நின்று மரத்தில் தானியப் பை தொங்கவிடுகிறான். இவனும் உடனே வேலையில் இறங்கிவிட்டான். கொட்டாங்குச்சியில் அரிசி போட்டு மாடியில் கட்டினான். முதல் நாள் காக்கா வந்தது. இரண்டாம் நாள் அணில் வந்தது. மூன்றாம் நாள் சித்தி வந்தார். "ரேஷன் அரிசியா இருந்தாலும் காசு கொடுத்துதானே வாங்கறோம்" என்று நாலு சாத்து சாத்தினார். குளிரில் நடுங்குகிற பறவை ஒன்றுகூட வரவில்லை.

"நம்ம ஊர் பறவைங்களுக்கு உதவியே தேவையில்லையா?" என்று கேட்டான். வேலூரில் காலேஜில் சயின்ஸ் படிக்கிறேன் என்று வீட்டில் பெருமையாகத் திரிகிற எனக்கு, சட்டென்று பதில் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் அந்தப் புத்தகத்தில் தப்பே இல்லை. அது வேறு ஊருக்கான பாடம், அவ்வளவுதான். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் இரவு நீளம், பகல் குட்டை. புழு, பூச்சி, விதை எல்லாம் பனிக்கு அடியில் போய்விடும். சின்னக் குருவி பகலில் சேர்த்த கொழுப்பை ராத்திரி முழுக்க எரித்துத்தான் உடம்புச் சூட்டைக் காப்பாற்ற வேண்டும். மறுநாள் சாப்பாடு கிடைக்காவிட்டால் கதை முடிந்தது. அங்கே ஒரு பிடி தானியம் உண்மையிலேயே உயிர்ப்பிச்சை.

நம்ம ஊரில் எல்லாம் தலைகீழ். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரைக்கும் ஏரி குளங்களை நிரப்பிவிட்டுப் போகும். தண்ணீர், மீன், பூச்சி எல்லாம் அப்போதுதான் அதிகம். அதனால் அந்தக் குளிருக்குப் பயந்த பறவைகள் இங்கே ஓடி வருகின்றன. திருநெல்வேலி கூந்தன்குளத்துக்கு இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. நம்ம கரண்டு கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான் குருவிகள் வடக்கே இருந்து வந்தவை. சாக்கடை ஓரமாக வாலை ஆட்டிக்கொண்டே நடக்கிற சாம்பல் வாலாட்டியும் விருந்தாளிதான். வேடந்தாங்கல் மாதிரி இடங்களில் நாரைகளும் கொக்குகளும் இந்தச் சமயத்தில்தான் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

இதை குட்டிக்குப் புரியவைக்க ஒரு ரப்பர் பந்து, ஒரு டார்ச் லைட் போதுமாக இருந்தது. டார்ச்சை நேராகச் சுவரில் அடித்தால் சின்ன வட்டம், நல்ல வெளிச்சம். சாய்த்து அடித்தால் அதே வெளிச்சம் பரவி மங்கிவிடும். பூமி 23.5 டிகிரி சாய்ந்து சுற்றுவதால் டிசம்பரில் வடக்கே வெயில் சாய்வாக விழுகிறது, அதுதான் அங்கே குளிர். "அப்போ அந்த சாய்வாலதான் நம்ம கம்பியில குருவி உக்காந்திருக்குதா?" என்று கேட்டான். ஆமாம்டா என்றேன். எனக்கே அப்போதுதான் அது ஆச்சரியமாக இருந்தது.

சரி, உதவி விஷயத்துக்கு வருவோம். வருகிற விருந்தாளிக்கு நாம் என்ன செய்ய முடியும்?

இங்கிலாந்தில் 1979ல் பறவைப் பாதுகாப்பு சங்கம் ஒன்று குழந்தைகளுக்காக ஒரு வேலை கொடுத்தது. ஜனவரியில் ஒரு மணி நேரம் தோட்டத்தில் வரும் பறவைகளை எண்ணி எழுதி அனுப்புங்கள் என்று. குழந்தைகள் விளையாட்டாகத் தொடங்கியது இன்று அந்த நாட்டின் பெரிய கணக்கெடுப்பு. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று பறவைகளைச் சுடும் போட்டிக்குப் பதிலாக 1900ல் எண்ணும் பழக்கத்தைக் கொண்டுவந்தார் ஃபிராங்க் சாப்மன். நம்ம தமிழ்நாட்டிலும் 2015ல் இருந்து பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கல் விடுமுறையில் நாலு நாள். எங்கே வேண்டுமானாலும் நின்று குறைந்தது 15 நிமிடம் பார்த்து, எந்தப் பறவை, எத்தனை என்று குறித்து ஈபேர்டு தளத்தில் ஏற்ற வேண்டும். காட்டுக்குப் போக வேண்டாம், மொட்டை மாடி போதும்.

"எண்ணினா பறவைக்கு என்ன லாபம்?" இது குட்டி.

"உங்க மிஸ் அட்டெண்டன்ஸ் எடுக்கலேன்னா யார் வரலேன்னு எப்படித் தெரியும்?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "சரி, நான் வரேன்" என்றான். அவனோடு எதிர் வீட்டுப் பாப்பா (மூணாம் கிளாஸ்), பக்கத்து பாய் வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர். ஆக நாலு விஞ்ஞானிகள், ஒரு வாட்ச், ஒரு பழைய நோட்டு. பைனாகுலர் கிடையாது.

முதல் நாள், பொங்கல் அன்று காலை மொட்டை மாடி. 15 நிமிடத்தில் மூன்று சண்டை :-)

முதல் சண்டை, காக்கா. ஒரே காக்கா நாலு தடவை பறந்து போனால் நாலா, ஒன்றா? கடைசியில் பாப்பாதான் வழி கண்டுபிடித்தாள். ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதில் அதிகபட்சம் எவ்வளவோ அதையே எழுதலாம் என்றாள். பெரிய ஆட்கள் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். இரண்டாவது சண்டை, மயில். போன மாசம் பாட்டி ஊரில் பார்த்தேன், எழுதிக்கொள் என்று தம்பிக்காரன் அடம். இன்றைக்கு இங்கே பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும் என்றதும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டான். மூன்றாவது, முருங்கை மரத்தில் ஒரு பழுப்புக் குருவி. நான் ஒரு பேர் சொல்ல, குட்டி ஒரு பேர் சொல்ல, முடிவே இல்லை. "தெரியலேன்னா தெரியலேன்னு எழுது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதினா அது சயின்ஸ் கிடையாது" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். இந்த வாக்கியம் இரண்டே நாளில் என்னிடமே திரும்பி வரும் என்று அப்போது தெரியாது.

அன்றைய கணக்கு: காக்கா 14, மைனா 6, புள்ளிப்புறா 2, கரிச்சான் 1, தேன்சிட்டு 2, தகைவிலான் 23, தெரியாத பழுப்புக் குருவி 1.

இரண்டாம் நாள் பாலாற்றுப் பக்கம் போனோம். ஆறு என்று பெயர்தானே தவிர வருஷத்தில் பாதி நாள் மணலும் சீமைக்கருவேலமும்தான். ஓரத்தில் ஒரு கால்வாய்த் தண்ணீர் தேங்கி நின்றது. கறுப்பு. வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நின்றோம். ஆனால் அந்தத் தண்ணீரில் நெடுங்கால் உள்ளான்கள் பதினொன்று, சிவப்புக் குச்சி மாதிரி காலை எடுத்து எடுத்து வைத்துக் கொத்திக்கொண்டிருந்தன.

"பறவை வருதுன்னா தண்ணி நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றான் பாய் வீட்டு அண்ணன். நியாயமான கேள்வி. பெரியவர்களே அப்படித்தான் பேசுகிறார்கள், "பறவையெல்லாம் வருதே, இன்னா கெட்டுப்போச்சு" என்று.

விஷயம் என்னவென்றால், கழிவு கலந்த சேற்றில் ஒரு வகைப் பூச்சியின் புழுக்கள் நன்றாக வளரும். அந்தப் புழு சிவப்பாக இருக்கும், நம்ம ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் அதற்கும் உண்டு. அதனால் ஆக்சிஜன் ரொம்பக் குறைந்த தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும். மீன் செத்துப்போகிற இடத்தில் புழு கொழிக்கும். புழு இருந்தால் நெடுங்கால் உள்ளான் வரும். பறவை வந்தது சாப்பாடு இருப்பதால். அது சர்டிஃபிகேட் கொடுக்க வரவில்லை.

அப்போது பாப்பா மெதுவாகக் கேட்டாள்: "இது எங்க அப்பா கம்பெனி தண்ணியா அண்ணா?"

அவள் அப்பா டேனரியில் வேலை பார்க்கிறார். அவர் மட்டுமா, எங்க தெருவில் தோலும் ஷூவும் சோறு போடாத வீடு ஒன்றுகூடக் கிடையாது. என் காலேஜ் ஃபீஸ் கட்டியதும் அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைத்த காசுதான். எதைச் சொல்வது?

தெரிந்ததைச் சொன்னேன். ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் அழுகாமல் இருக்க உப்பு போட்டு வைப்பார்கள், டேனரியில் முதலில் அதை ஊறவைத்துக் கழுவுவார்கள், அந்த உப்பு தண்ணீரோடு வரும். அழுக்கைப் பிரிக்கலாம், கரைந்த உப்பைப் பிரிப்பது கஷ்டம், செலவும் அதிகம். வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிற தீர்ப்பு அது, நம்ம ஊர் பேரில். பாலாற்று மாசு பற்றி 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு கொடுத்தது. "ஆனா இந்தக் கால்வாயில ஊர் சாக்கடையும் கலக்குது. இதுல எது யாருதுன்னு கண்ணால பார்த்து சொல்ல முடியாது பாப்பா" என்றேன். அது சமாளிப்பு இல்லை, உண்மைதான். ஆனாலும் சொல்லிவிட்டு எனக்கு லேசாக வியர்த்தது.

வீட்டுக்கு வந்து ஒரு சோதனை செய்தோம். ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் தட்டு. ஒன்றில் கேன் தண்ணீர், இன்னொன்றில் தெரு போர் தண்ணீர், இரண்டிலும் ஒரே டம்ளர் அளவு. மாடி வெயிலில் வைத்தோம். காய்ந்த பிறகு கேன் தட்டில் லேசான தடம் மட்டும். போர் தண்ணீர்த் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிவு, விரலால் தேய்த்தால் தூளாக வந்தது. நாலு பேரும் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காணும் பொங்கல். எங்க பக்கம் பொங்கல் விடுமுறை என்றால் வானம் முழுக்க காத்தாடி. அன்றைக்கு ஏரிக்கரையில் எண்ணிக்கொண்டிருந்தபோது ஐந்தாவது நிமிடத்தில் தம்பிக்காரன் "அண்ணா, அங்க ஒண்ணு ஆடுது" என்றான்.

வேப்பமரத்தின் வெளிக்கிளையில் ஒரு குருட்டுக்கொக்கு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு இறக்கையில் நூல் சுற்றியிருந்தது. அது அடித்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் நூல் இன்னும் உள்ளே இறங்கியது. பச்சை நிற மாஞ்சா.

தொரட்டி வைத்திருந்த ஒரு தாத்தா கிளையை வளைத்துக் கொடுத்தார். என் துண்டை அதன் மேலே போட்டு மூடி, கத்தரியால் நூலை வெட்டி எடுத்தோம். கண்ணை மூடினால் பறவை கொஞ்சம் அமைதியாகும். கொக்கு மூக்கால் கண்ணைக் குத்திவிடும் என்பதால் பிள்ளைகளை எட்ட நிற்கச் சொன்னேன். ஷூ அட்டைப்பெட்டி எங்க ஊரில் கிடைக்காத பொருளா? பெரியதாக ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டை போட்டு உள்ளே வைத்தோம். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். காட்டுப் பறவையை வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது, 1972ம் வருஷச் சட்டம் இருக்கிறது. வனத்துறைக்குப் போன் போட்டோம். காலையில் முதல் வேலையாக வருகிறோம், அதுவரை இருட்டான, சத்தம் இல்லாத இடத்தில் வையுங்கள் என்றார்கள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது குட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணா, அது நம்ம நூலா?"

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். போன வருஷம் குட்டிக்குக் காத்தாடி விடக் கற்றுக்கொடுத்தது நான்தான். டீல் போடுவது எப்படி, எதிராளி நூலை எப்படி அறுப்பது, எல்லாம். சின்ன வயசில் நானே டியூப்லைட்டை உடைத்துப் பொடியாக்கி, வஜ்ரமும் சவ்வரிசிக் கஞ்சியும் காய்ச்சி, மரத்துக்கு மரம் நூல் கட்டி மாஞ்சா போட்டவன். இந்த வருஷம் அவன் சேர்த்து வைத்த காசில் ஒரு டப்பா நூல் வாங்கியிருந்தான். நைலான் மாஞ்சா. 2017ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்த அதே சரக்கு. மறைத்து விற்கிறார்கள், பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கும் என்று தெரியும். நான் பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. மாட்டுப் பொங்கல் சாயங்காலம் ஒரு டீலில் நூலோடு காத்தாடி போய்விட்டது. அதுவும் பச்சை.

"இல்லைடா, நம்மது இல்லை" என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது வயசுப் பையன், நம்பியிருப்பான். ஊரில் நூறு பேர் பச்சை நூல் விடுகிறார்கள். ஆனால் இரண்டு நாள் முன்னால்தானே தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதாதே என்று பாடம் எடுத்தேன்?

"தெரியலடா. நம்மளதா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

அவன் அழவில்லை. பெட்டியை நான் தூக்குகிறேன் என்று வாங்கிக்கொண்டான்.

ராத்திரியே கொக்கு செத்துவிட்டது. இறக்கையில் தசை வரைக்கும் அறுந்திருந்தது. எவ்வளவு நேரமாகத் தொங்கியதோ. காலையில் வந்த வனத்துறை ஆட்கள் பிள்ளைகளிடம் ரொம்ப அன்பாகப் பேசினார்கள். நீங்கள் செய்தது எல்லாம் சரிதான், நூல் ஆழமாக வெட்டிவிட்டது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் கணக்கை ஏற்ற உட்கார்ந்தபோது பாப்பா கேட்டாள்: "செத்துப்போனதை எழுதலாமா?"

நான் பதில் சொல்வதற்குள் குட்டி சொன்னான்: "நாம பார்த்தப்போ உயிரோட இருந்துச்சுல்ல? எழுதணும்."

குருட்டுக்கொக்கு 1 என்று எழுதினோம். குறிப்பில், மாஞ்சா நூலில் சிக்கியது என்று சேர்த்தோம்.

அதற்கு அடுத்த வாரம் முழுக்க நாலு பேரும் ஸ்கூல் விட்டு வந்ததும் ஒரு குச்சியோடு தெருத் தெருவாகத் திரிந்தார்கள். வேலியில், செடியில், கைக்கு எட்டுகிற கிளையில் சிக்கிய நூலை எல்லாம் எடுத்து வந்தார்கள். கையை அறுத்துக்கொள்ளக் கூடாது என்று பழைய தோல் கையுறை போடவைத்தேன். கரண்டு கம்பிப் பக்கம் போகக் கூடாது என்பது சட்டம். எடுத்ததை அப்படியே குப்பையில் போட்டால் மறுபடி எதன் காலிலாவது சுற்றும், அதனால் விரல் நீளத் துண்டுகளாக வெட்டிப் பாட்டிலில் அடைத்தார்கள். முக்குக் கடை தராசில் நிறுத்துப் பார்த்தோம், 340 கிராம். மூன்று தெருவுக்கு மட்டும். குட்டியின் டப்பாவும் தானாகவே வந்து சேர்ந்தது, ஆனால் அதை எடையில் சேர்க்கவில்லை. "அது மரத்துல எடுத்தது இல்லையே" என்றான்.

சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு கிராமம். பக்கத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பறவைகள் மிரண்டுவிடும் என்று அந்த ஊரில் பல வருஷமாக தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. முன்பு இதைப் படித்தபோது நல்ல செய்தி என்று மட்டும் நினைத்தேன். இப்போது அந்த ஊர்ப் பிள்ளைகளை நினைக்கிறேன். புத்தகத்தில் இருந்த பையன் பறவைக்கு ஒன்றைக் கொடுத்து உதவினான். கொள்ளுக்குடிப்பட்டிப் பையன் தன் கையில் இருந்த ஒன்றை வேண்டாம் என்று வைத்து உதவுகிறான். எங்க ஊர் குளிர்காலத்துக்கு இரண்டாவதுதான் பொருந்தும் போலிருக்கிறது.

குட்டி காத்தாடியை விட்டுவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணப் பருத்தி நூலில் விடுகிறான். டீலில் தினமும் தோற்கிறான். தோற்றுவிட்டு வந்து என்னிடம்தான் கத்துகிறான். வாங்கிக்கொள்கிறேன், எனக்கு அது வேண்டியதுதான்.

ஏப்ரல் வந்தபோது கம்பியில் தகைவிலான்கள் குறைந்துகொண்டே போயின. தினமும் காலையில் எண்ணி நோட்டில் எழுதினான். 19, 11, 4, 4, 0, 0. இரண்டு நாள் பூஜ்ஜியம் வந்ததும், "ஊருக்குப் போயிடுச்சு" என்று கீழே கோடு போட்டான். மழைக்காலம் நெருங்கும்போது திரும்பி வரும் என்று சொல்லியிருக்கிறேன். எந்தத் தேதி என்று கேட்டான். தெரியாது, நீதான் பார்த்து எழுதணும் என்றேன். அடுத்த பக்கத்தில் தலைப்பு மட்டும் எழுதி, தேதிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறான்.

இந்தப் பொங்கலுக்கு நீங்களும் 15 நிமிடம் மொட்டை மாடியில் நின்று பாருங்கள். கூட ஒரு சின்னப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேள்விகளுக்கு நான் பொறுப்பல்ல.